மயில் வரவேண்டிய முந்தானை

ஆரணியில் ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்துகொண்டு கடைத்தெருவில் ஓடிய மனிதர் இன்றுவரை ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'கட்டம்'. என்னைப் போன்ற சின்ன வயசுக்காரர்களுக்குக் கட்டம் அண்ணன்.

அப்படி ஓடும் யோசனை அவருக்கு உதித்த நேரத்தில் அவருடைய இடது கன்னம் பளபளவென்றும் வலது கன்னம் நுரை மண்டியும் இருந்தது. பக்கத்து நாற்காலியில் என் முறைக்காகக் காத்திருந்த நான், சலூனில் கிடந்த ஒரு தீபாவளி மலரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு குறுக்கெழுத்துப் போட்டி. வழக்கமான சதுரம் இல்லை. கோபுரம் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன் அடியிலேயே இன்னொன்றைத் தலைகீழாக ஒட்டியதுபோல மேலும் கீழும் படிப்படியாகக் கூம்பிய கட்டம். குறிப்புகளும் நேரானவை அல்ல. ஒவ்வொன்றும் குதர்க்கம்.

"கட்டம்ணே, இதைப் பாருங்க" என்று நீட்டினேன். அத்தோடு என் மூன்று வாரம் போயிற்று.

"பொஸ்தகத்தை இஸ்துகினு போற வேலை வெச்சிக்காதீங்க. கஸ்டமருக்கு வாங்கினது" என்றார் சலூன்காரர்.

"போவலப்பா. பி.எஸ்ஸி., நீ குறிப்பெல்லாம் எழுதிக்கோ. நான் கட்டத்தை…" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே பாதியில் எழுந்து, கிராஃப் தாள் எடுத்துவர ஓடினார் கட்டம்.

"யோவ்! இன்னொரு கன்னம்?" என்று சலூன்காரர் கத்தியோடு வாசலுக்கு வந்தார்.

தெருக்கோடியிலிருந்து பதில் வந்தது. "அதுவும் இதே மாதிரிதாம்பா!"

இந்தப் பதிலைப் புரிந்துகொள்ள அவருடைய தொழிலைச் சொல்லியாக வேண்டும். பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர் அவர். கிராஃப் தாளில் சிவப்பு மையால் கட்டம் கட்டமாக மயிலோ மாங்காயோ வரைவார். அதைப் பார்த்து இன்னொருவர் அட்டைகளில் துளை அடிப்பார். அந்த அட்டைகளைக் கோத்துத் தறியின் தலைமேல் இருக்கும் பெட்டியில் மாட்டினால், துளைக்குத் தகுந்தபடி நூல் எழும்பி, மயில் சேலையில் வந்து உட்காரும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு மயில்கள் எதிரெதிரே நிற்க வேண்டுமென்றால் இடது மயிலை மட்டும் வரைந்தால் போதும். வலது மயிலை அதே அட்டையிலிருந்து தறி திருப்பிப் போட்டுக்கொள்ளும். எந்த டிசைன்காரரும் வலது பாதியை வரைய மாட்டார். இருபது வருடமாக இடது பாதியை மட்டுமே வரைந்து வந்த கட்டம் அண்ணன், உலகமே அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது என்று தீர்மானித்துவிட்டார்.

பேச்சும் அப்படியே. எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். "பாதி சொன்னாப் போதும், மீதி தானா வரும்" என்பார். வீட்டில் "சோறு…" என்பார். வந்துவிடும். டீக்கடையில் "சக்கரை…" என்பார். கம்மியா, ஜாஸ்தியா என்று கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருமுறை கட்டம் போட்ட லுங்கி வாங்கி உடுத்தி, ஒரு நாள் முழுக்க அதைக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "இந்தாண்ட ஒரு கோடு தப்பு" என்று கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் லுங்கியை வாங்கிக்கொண்டார். பிரச்சினை என்னவென்றால், கட்டம் அண்ணன் மாற்று லுங்கி எடுத்துப் போகவில்லை.

எனக்கு அவரோடு என்ன சம்பந்தம்? கணக்கில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, வேலைக்கு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் வேலை பார்த்த பட்டு முதலாளியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வெளியூர்க் கடைகளுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது என் வேலை. அரை மணியில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க எதிர் மேஜைக்காரரான கட்டம் அண்ணனுக்குச் சொந்தம்.

முதல் குறிப்பை நான்தான் வாசித்தேன். "தலை வெட்டிய கவலையில் மீன் பிடிக்கலாம். இரண்டு எழுத்து."

"கவலைக்கு ஏதுப்பா தலை? என் கவலைக்கு ரெண்டு தலை. ஒன்னு முதலாளி. இன்னொன்னு எங்க வூட்டுல…"

"வார்த்தைக்குத் தலைண்ணே. முதல் எழுத்து. 'கவலை'யில 'க' போயிட்டா?"

அவர் உதடு அசைந்தது. கண் விரிந்தது. "வலை!" என்று அவர் போட்ட கூச்சலில் உள்ளே சேலை மடித்துக்கொண்டிருந்த முதலாளி, எலி வந்துவிட்டதென்று எழுந்து நின்றுவிட்டார்.

அவ்வளவுதான். பித்துப் பிடித்துவிட்டது. வாலறுந்த குதிரை தாண்டச் சொல்கிறது என்றால் 'குதி' என்று டீக்கிளாஸைக் கீழே வைப்பதற்குள் சொன்னார். வழியில் பார்க்கிறவர்கள் பெயருக்கெல்லாம் தலையையும் வாலையும் வெட்ட ஆரம்பித்தார். முதலாளியின் பெயரை வெட்டியபோது என்ன வந்ததென்று இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. இடது பாதி முழுக்க ஒரே வாரத்தில் நிரம்பியது.

வலது பாதிக்குப் போனோம். பேஜார் ஆரம்பமாயிற்று.

குறிப்பில் ஐந்தெழுத்து என்று இருக்கும், தாளில் மூன்று கட்டம்தான் இருக்கும். மூன்றெழுத்து என்று இருக்கும் இடத்தில் ஐந்து கட்டம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். நான் குறிப்புகளைச் சரியாகத்தான் எழுதி வந்திருந்தேன். கட்டங்களை அவர் வரைந்து வந்திருந்தார். கட்டம் விஷயத்தில் கட்டம் அண்ணன் தவறுவார் என்று நினைக்க எனக்குத் தைரியமில்லை.

"அச்சுக்காரன் தப்பு" என்றார் அவர்.

"மூணு கட்டத்துல அஞ்சு எழுத்து எப்படிண்ணே போடறது?"

"ஏன், ஒரு கட்டத்துல ரெண்டு எழுத்து உக்காரக்கூடாதா? சேவூர் டவுன் பஸ்ஸுல ஒரு சீட்டுல மூணு பேரு போவல?"

மலரைப் பார்த்துச் சரிபார்க்கலாம் என்று சலூனுக்கு ஓடினேன். அதற்குள் மலரின் அந்தப் பக்கம் கிழிபட்டு, யாரோ ஒருவருடைய தாடி நுரையைத் துடைத்துக் குப்பைக்குப் போயிருந்தது. மலர் கஸ்டமருக்கு என்று சலூன்காரர் சொன்னதன் பொருள் அன்றைக்குத்தான் விளங்கியது. ஊரில் வேறெங்கும் ஒரு பிரதி கிடைக்கவில்லை. மலர்தான் தீபாவளிக்கு முன்பே தீர்ந்துவிடுமே.

எழுதி அழித்து எழுதி அழித்துத் தாளில் ஓட்டை விழுந்தது. கட்டம் அண்ணன் சலிக்காமல் ஒரு சுத்தப்படி எடுத்தார். புதுத் தாள், பெரிய அளவு, எழுத்தே இல்லாமல் கறுப்புக் கட்டங்கள் மட்டும், வழக்கம்போலச் சிவப்பு மையில். மை காய்ந்ததும் அதை மேஜையின் மேல்தட்டில் சுருட்டி வைத்துவிட்டு, பழைய தாளிலேயே இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் அட்டை அடிக்கிறவர் வந்தார். தேவிகாபுரத்திலிருந்து ஒரு கல்யாணச் சேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. முந்தானையில் மயில் கேட்டிருந்தார்கள். மயிலைக் கட்டம் அண்ணன் முன்பே வரைந்து வைத்துவிட்டார்.

"மயிலு கிராஃப் எங்கண்ணே?"

கட்டம் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த மேல…" என்றார்.

மேல்தட்டுக்குக் கீழே இருக்கிற தட்டிலிருந்து எடு என்பதுதான் அவருடைய மனதிலிருந்த மீதி வாக்கியம். அது தானாக வரவில்லை. வந்தவர் மேல்தட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் கழித்து முள்ளிப்பட்டிலிருந்து தறிக்காரர் மாணிக்கம் சைக்கிளில் வந்து இறங்கினார். சாதுவான மனிதர். கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, மயிலு எப்பண்ணே வரும்?"

"எந்த மயிலு?"

"தேவிகாபுரத்து முந்தானை மயிலுதாண்ணே. கட்டம் கட்டமா வந்துகினே கீது. சரி, மயிலு நிக்கிறதுக்கு மேடையாக்கும்னு நெனச்சேன். மேடையே ஒரு முழம் போயிடுச்சி. இனிமே மயிலு எங்கண்ணே நிக்கும்?"

கட்டம் அண்ணன் மெதுவாக மேல்தட்டைப் பார்த்தார். பிறகு கீழ்த்தட்டைப் பார்த்தார். கீழே மயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"பி.எஸ்ஸி.," என்றார், "நம்ப சுத்தப்படி…"

இந்த ஒரு தடவை மீதி எனக்குத் தானாகவே வந்தது.

முதலாளிக்குச் சொல்லாமல் முடியுமா? சொன்னோம். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தோம். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில் சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழம சேலை எடுக்க வராங்க. அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம். வேற சேலை நெய்ய நாளு கீதா? நெய்த ஊடை நூலைப் பிரிச்சி எடுக்கலாம்னா ஜரிகை ஜரிகையா இருக்குமா? அவங்க வேணாம்னு எழுந்து போனா, நீ உன் பிரஷ்ஷு, கலரு எல்லாத்தையும் எடுத்துகினு அவங்க பின்னாடியே பஸ் ஏறிடு."

விளையாட்டுக்குச் சொல்கிற ஆளில்லை அவர். அந்த ஒரு மேஜையை விட்டால் கட்டம் அண்ணனுக்கு வேறு பிழைப்பு தெரியாது. இருபது வருடத்தில் அவர் போட்ட டிசைன் எதுவும் 'வேண்டாம்' என்று திரும்பியதில்லை என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பெருமை.

வியாழக்கிழமை அவருடைய மனைவி என்னை வழியில் நிறுத்தினார். "தம்பி, அவருக்கு இன்னா ஆச்சி? ரெண்டு நாளா முழுசு முழுசாப் பேசறாரு. 'எனக்குச் சோறு வேண்டாம், பசி இல்லை'ன்றாரு. எனக்குப் பயமா கீது."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தேவிகாபுரம் பஸ்ஸில் கல்யாணப் பெண் கஸ்தூரியும் அவளுடைய அம்மாவும் வந்து இறங்கினார்கள். பெண் ஆசிரியர் பயிற்சி முடித்தவள். உட்கார்வதற்குள் கூடத்தில் இருந்த அனைத்தையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிட்டாள். முதலாளி பாயில் சேலையை விரித்தார். முதலில் உடலைக் காட்டினார். அப்புறம் கரையைக் காட்டினார். உடலையே மறுபடியும் காட்டினார். முந்தானையை மட்டும் முழங்காலுக்குக் கீழே அமுக்கி வைத்திருந்தார். கட்டம் அண்ணன் தூணுக்குப் பின்னால் நின்றார். தூண் ஒல்லி என்பதால் அவருடைய பெரும்பகுதி வெளியேதான் இருந்தது.

"முந்தானையைப் பிரிங்க" என்றார் அம்மா.

பிரித்தார். மாம்பழ மஞ்சளில் ஜரிகைக் கட்டங்கள் வரிசை வரிசையாக மின்னின.

"மயிலு சொல்லிட்டுப் போனமே?"

"இது புதுசும்மா" என்றார் முதலாளி. குரல் அவருடையதாகவே இல்லை. "மெட்ராஸ்ல இப்போ…" அவரும் பாதியில் நிறுத்திவிட்டார்.

அம்மா விரலால் தடவிப் பார்த்தார். "கோபுரம் மாதிரி கீது. மேல ஒரு கோபுரம். கீழ, கொளத்துத் தண்ணில தெரியற மாதிரி இன்னொன்னு. நல்லாத்தான் கீது. இருந்தாலும் மயிலுன்னா…"

கஸ்தூரி முந்தானையை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை, மூச்சுத் திணறுகிற சிரிப்பு.

"அம்மா! இது தீபாவளி மலர்ல வந்த குறுக்கெழுத்தும்மா!"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். நான் ஜன்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று பார்த்தேன்.

"நான் அதைப் போட்டுப் போட்டு ஒரு மாசமா மண்டையை ஒடச்சிக்கிறேன். கட்டம் எல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றவள், சட்டென்று நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா இந்தப் பக்கம் தப்பா இருக்கே."

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். அங்க கறுப்புக் கட்டமெல்லாம் வேற எடத்துல வரும்."

கட்டம் அண்ணன் வெளியே வந்துவிட்டார். பயம், பிழைப்பு, முதலாளி எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. "இல்லம்மா. இடது எப்டியோ வலதும் அப்டித்தான்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லத் தேவையில்லம்மா. அது…"

எங்கள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மீதியை யாரும் முடித்துக் கொடுக்கவில்லை. நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். சலூனில் அவர் மலரைப் பார்த்து இடது பாதியை மட்டும் வரைந்திருக்கிறார். மீதியைத் தறி போடுவதுபோல, வீட்டில் உட்கார்ந்து தானே திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறார். வலது பாதியை அவர் பார்க்கவே இல்லை!

"அண்ணே, ரெண்டு பக்கமும் ஒன்னா இல்லாததுதான் அந்தப் போட்டியில விசேஷமே" என்றாள் கஸ்தூரி. "காகிதம் குடுங்க, போட்டுக் காட்டறேன்."

நான் கொடுத்தேன். அவள் பாயில் உட்கார்ந்து வலது பாதியை வரைய, கட்டம் அண்ணன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இது கறுப்பா, வெள்ளையா? அதுக்கு அந்தாண்ட?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு தலையும் ஒன்றையொன்று முட்டின.

"யோவ், மொதல்ல சேலை!" என்று அலறினார் முதலாளி.

"செத்த இருங்க முதலாளி. ஜல்தியா முடிஞ்சிடும்" என்றார் கட்டம் அண்ணன், கையை மட்டும் பின்னால் ஆட்டி. அந்தக் கூடத்தில் முதலாளியை அப்படி யாரும் ஆட்டியதில்லை.

வரைந்து முடித்ததும் கஸ்தூரி கேட்டாள். "சும்மா தர மாட்டேன். இடது பக்கம் எனக்கு ஒன்னே ஒன்னு வரல. 'மெய் மறைந்த பட்டம் சுவரில் தொங்குகிறது.' மூணு எழுத்து."

"படம்" என்றார் கட்டம் அண்ணன். "பட்டத்துல ஒரு மெய்யெழுத்தை எடுத்துடு. 'ட்' போயிடுச்சின்னா…"

"படம்! ச்சே! நான் ஒரு மாசமா செவுத்துல காத்தாடியைத் தொங்கவிட்டுகினு இருந்தேன்!"

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாடி இது? கடைசி பஸ்ஸு போயிடும். எடுக்கறதா, வேணாமா? வாயைத் தொறந்து சொல்லு."

முதலாளியின் கை மறுபடியும் முந்தானையைத் தேடியது. கட்டம் அண்ணனுக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. காகிதத்தோடு எழுந்து மறுபடியும் தூணுக்குப் பின்னால் போனார்.

கஸ்தூரி முந்தானையைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டாள். "மயிலு எல்லார் முந்தானையிலயும்தாம்மா நிக்குது. இதை எடுத்துக்கலாம்." பிறகு கட்டம் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நல்ல வேளை நீங்க தப்பாப் போட்டீங்க. மலர்ல இருந்த மாதிரியே போட்டிருந்தா ஒரு பக்கம் கோணிகினு நின்னிருக்கும். வேணாம்னு எழுந்து போயிருப்பேன்."

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு கட்டம் அண்ணன் தூணைப் பிடித்தபடியே வழுக்கிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். முதலாளி ஒரு சொம்புத் தண்ணீரையும் நிறுத்தாமல் குடித்தார். எனக்கு எதற்கென்று தெரியாமல் சிரிப்பு வந்தது. அவர்களுக்கும் வந்தது. உள்ளேயிருந்து முதலாளியம்மா வந்து, மூன்று ஆண்கள் மூச்சுவிட முடியாமல் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

"அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுடாத" என்றார் முதலாளி கடைசியில், எங்கோ பார்த்துக்கொண்டு. கஸ்தூரி கல்யாணத்தில் பார்த்துவிட்டு, அதற்கடுத்த முகூர்த்தத்துக்குள் அதே கோபுர முந்தானையை இன்னும் மூன்று வீட்டார் கேட்டு வந்தார்கள். அது தன்னுடைய யோசனை என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். கட்டம் அண்ணன் மறுக்கவில்லை. "பாதி அவருதுதான்" என்றார்.

சரியான கட்டம் கைக்கு வந்ததும் வலது பாதி ஒரே மத்தியானத்தில் நிரம்பிவிட்டது. ஐந்தெழுத்து ஐந்து கட்டத்தில் கால் நீட்டிப் படுத்த சுகத்தை என்னவென்று சொல்வது! கடைசித் தேதிக்கு முன்னால் தபாலில் சேர்த்தோம். சரியாக விடை எழுதியவர்கள் பட்டியலில் கட்டம் அண்ணன் பெயர் அச்சில் வந்தது. ஆனால் வந்தது அவருடைய நிஜப் பெயர். அது யாரென்று ஆரணியில் ஒருவருக்கும் தெரியவில்லை. சலூன்காரர் மட்டும், "இந்தப் பேருல ஒருத்தன் நம்ப ஊர்ல கீறானா? பெரிய மூளைக்காரனா இருப்பான் போலக்கீதே" என்று வியந்தபடியே கட்டம் அண்ணனுடைய இரண்டு கன்னத்தையும் சவரம் செய்து அனுப்பினார்.

அப்புறம் எனக்கு மெட்ராஸில் வேலை கிடைத்தது. இங்கே ஆபீஸில் குறுக்கெழுத்துப் போடுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எல்லோரும் வாக்கியத்தை முழுசாகத்தான் பேசுகிறார்கள். ஏனோ எனக்கு எதுவும் பிடிபடுவதில்லை.

இந்த வருடத்து மலர் நேற்று வந்தது. இந்தமுறை கட்டம் வட்டமாக இருக்கிறதாம். பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். வட்டத்துக்கு இடது எது, வலது எது என்று கட்டம் அண்ணன் என்ன செய்யப்போகிறாரோ! சனிக்கிழமை ஆரணி பஸ் ஏறுகிறேன். குறிப்புகளை நான் வாசிக்க, அவர் வரைய, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிட வேண்டுமென்று திட்டம். மலர் பையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நான் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.